மடிக்கணினியில் இரண்டாவது சேமிப்பகம்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், மடிக்கணினியில் இரண்டாவது சேமிப்பகம் ஒன்றைப் பொருத்திக்கொள்வது பற்றியது. “இது கடைக்காரர்களுக்கு உரிய வேலையாயிற்றே, தோட்டத்தில் இருக்கும் நமக்கு எதற்கு?” என்று சிலர் எண்ணக்கூடும். அப்படி எண்ண வேண்டியதில்லை. சைக்கிள் டியூப் ஒட்டத் தெரிந்த கைகளுக்கும், பால்வெட்டும் உளியைத் தீட்டத் தெரிந்த கைகளுக்கும் இது பெரிய வேலை அல்ல. ஆனால் தெரிந்து செய்ய வேண்டிய வேலை. தெரியாமல் செய்தால் பணமும் போகும். பிள்ளைகளின் பாடங்களும் போகும்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததையும், பள்ளிகள் மூடப்பட்டதையும், இல்லிருப்புக் கற்றல் தொடங்கியதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். கணினியே இல்லாத பல தோட்ட வீடுகளுக்குள் அக்காலத்தில்தான் ஒரு மடிக்கணினி வந்து சேர்ந்தது. சிலருக்கு உதவியாகக் கிடைத்தது. சிலர் தவணையில் வாங்கினார்கள். பலர் அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த பழைய கணினிகளை மலிவாக வாங்கினார்கள். அந்த ஒரே கணினியில் அண்ணன் எஸ்.பி.எம். பாடம் படிக்கிறான், தங்கை பள்ளிக்குக் காணொளி தயாரிக்கிறாள், அப்பாவின் சேமநிதி அறிக்கையும், அம்மாவின் மருத்துவ அட்டையின் நகலும், கல்யாணப் படங்களும் அதற்குள்தான் இருக்கின்றன.

இப்படி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே வந்தால் ஒரு நாள் இடம் நிரம்பிவிடும். திரையில் சிவப்புக் கோடு தோன்றும். கணினி தவழ ஆரம்பிக்கும். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவும் இடமில்லாமல் நின்றுவிடும். அப்போது வீட்டில் இரண்டு முடிவுகளில் ஒன்றை எடுப்பார்கள். கண்ணுக்குப் பட்டதை எல்லாம் அழிப்பது ஒன்று. அழித்தவற்றில் தாத்தாவின் கடைசிப் படமும் போய்விடும். புதுக் கணினி வாங்குவது மற்றொன்று. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒரு புதுக் கணினி, ஒரு மாதச் சம்பளம் முழுவதையும் விழுங்கிவிடக் கூடியது. கணினி நன்றாகவே இயங்கிக்கொண்டிருக்க, இடம் போதவில்லை என்பதற்காக மட்டும் அவ்வளவு பணத்தைக் கொட்ட வேண்டுமா? மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். கையில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு கேட்டால் பயன்படும்.

முதலில் சேமிப்பகம் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். கணினிக்குள் இரண்டு வகை இடங்கள் உள்ளன. பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன என்றாலும், பால்மரக் காலத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். காலையில் மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்துகொண்டு வருவோம். பிறகு ஸ்டோரில் கொண்டுபோய் ஒப்படைப்போம். வாளி, அன்றைய வேலைக்கு மட்டும். வேலை முடிந்ததும் அது காலி. ஸ்டோரில் உள்ளதுதான் நிலைத்திருக்கும். கணினியில் ‘ரேம்’ என்பது அந்த வாளி. மின்சாரம் நின்றதும் அதில் உள்ளது மறைந்துவிடும். சேமிப்பகம் என்பது ஸ்டோர். கணினியை அணைத்த பிறகும் அதில் உள்ளவை இருக்கும். நாம் இன்று பேசுவது ஸ்டோரைப் பெரிதாக்குவது பற்றியே தவிர, வாளியைப் பெரிதாக்குவது பற்றி அல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் கடைக்குப் போய், கேட்க வந்தது ஒன்றாகவும் வாங்கி வந்தது வேறொன்றாகவும் திரும்பியவர்கள் உண்டு.

சேமிப்பகத்திலும் இரண்டு இனங்கள் உண்டு. பழைய இனம் ‘ஹார்ட் டிஸ்க்’. இது இசைத்தட்டுப் போன்றது. உள்ளே வட்டமான தட்டு சுழலும். நுண்ணிய முனை ஒன்று அதன்மேல் இங்கும் அங்கும் நகர்ந்து எழுதும், படிக்கும். மடிக்கணினிகளில் இருப்பது பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 சுற்றுச் சுற்றும் வகை. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் 50 இருந்தன. அத்தனையும் சேர்ந்து பிடித்து வைத்தது ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளே. இன்று நம் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதை நிரப்பிவிடும்.

புதிய இனம் ‘எஸ்.எஸ்.டி.’. இதில் சுழலும் தட்டு இல்லை. அசையும் பாகமே இல்லை. ‘ஃபிளாஷ்’ எனப்படும் நினைவகச் சில்லுகளில் எல்லாம் பதிவாகிறது. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா என்பவர் 1980-களில் இதைக் கண்டுபிடித்தார். இது ஹார்ட் டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகமானது. தூக்கிச் சென்றாலும் அதிர்ந்தாலும் அவ்வளவு எளிதில் கெடாது. ஆகவே மடிக்கணினிக்குள் புதிதாக ஒன்றைப் பொருத்துவதானால் எஸ்.எஸ்.டி.யையே பொருத்துவது நல்லது.

அடுத்த கேள்வி: நம் கணினிக்குள் இன்னொன்றை வைக்க இடம் இருக்கிறதா? எல்லாக் கணினியிலும் இருக்காது. சில மெல்லிய கணினிகளில் சேமிப்பகத்தைத் தாய்ப்பலகையோடு ஈயம் வைத்துப் பற்றவைத்தே விட்டிருப்பார்கள். ஆகையால் பணத்தை எடுக்கும் முன் இடத்தைப் பார்க்க வேண்டும். இடம் மூன்று வகையாக அமையும்.

ஒன்று, ‘எம்.2’ எனப்படும் சொருகுமிடம். இதில் பொருத்தும் எஸ்.எஸ்.டி. சூயிங்கம் பட்டை போல மெலிதாக இருக்கும். அகலம் 22 மில்லிமீட்டர். நீளம் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர். 42, 30 மில்லிமீட்டர் அளவுகளும் உண்டு. பெட்டியின்மேல் 2280, 2242, 2230 என்று அச்சிட்டிருப்பார்கள். முதல் இரண்டு இலக்கம் அகலம், பின்னிரண்டு நீளம். அவ்வளவுதான் அதன் பொருள்.

இரண்டு, இரண்டரை அங்குலப் பெட்டிக்கான இடம். சீட்டுக்கட்டு அளவுள்ள ஒரு சிறு பெட்டி அங்கே உட்காரும். சில கணினிகளில் எம்.2 எஸ்.எஸ்.டி. ஒன்றை நிறுவனமே பொருத்திவிட்டு, இந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடம் காலியாக இருந்தாலும், பெட்டியைத் தாங்கும் சட்டமும் அதைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் கம்பியும் உடன் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. அவை ஒவ்வொரு கணினி மாதிரிக்கும் தனித்தனி. தனியாகத்தான் வாங்க வேண்டும். பெட்டியின் தடிமன் 7 மில்லிமீட்டரா, 9.5 மில்லிமீட்டரா என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்று, சி.டி. தட்டுப் போடும் இடம். பழைய கணினிகளின் பக்கவாட்டில் சி.டி.க்கான இழுப்பறை இருக்கும். இன்று அதை யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை. அதைக் கழற்றிவிட்டு, அதே அளவுள்ள ‘கேடி’ என்னும் சட்டத்தில் இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி.யை வைத்து உள்ளே தள்ளிவிடலாம். இந்தச் சட்டம் 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என இரு தடிமன்களில் கிடைக்கிறது. இழுப்பறையை அளந்து பார்த்தே வாங்க வேண்டும்.

நம் கணினியில் எது இருக்கிறது என்று எப்படி அறிவது? கணினியின் அடிப்பாகத்தில் ஒட்டியுள்ள தாளில் மாதிரியின் பெயரும் எண்ணும் இருக்கும். அதை எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்ள வேண்டும். தாள் அழிந்திருந்தால், விண்டோஸ் தேடல் கட்டத்தில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் ‘சிஸ்டம் மாடல்’ என்ற வரியில் அது தெரியும். பிறகு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்னும் பகுதிக்குப் போனால், இப்போது உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா என்பது தெரியும். மாதிரியின் பெயரைக் கொண்டு நிறுவனத்தின் பராமரிப்புக் கையேட்டை இணையத்தில் தேடலாம். பல நிறுவனங்கள் அதை இலவசமாகவே தருகின்றன. எந்த ஆணி எங்கே, எந்தச் சொருகுமிடத்தில் எது ஏற்கும் என்பதெல்லாம் படத்துடன் அதில் இருக்கும்.

இதன் அவசியத்தை விளக்க ஓர் எடுத்துக்காட்டு. 2018-இல் வெளிவந்த லெனோவோ திங்க்பேட் டி480 என்ற கணினியை எடுத்துக்கொள்வோம். அலுவலகங்களுக்காகச் செய்யப்பட்டது, இன்று பழைய கணினிக் கடைகளில் காணக் கிடைப்பது. அதன் முதன்மைச் சேமிப்பகம் இரண்டரை அங்குல இடத்தில் இருக்கிறது. இரண்டாவதற்கு இடமே இல்லை போலத் தோன்றும். ஆனால் கைப்பேசி சிம் வழியாக இணையம் பெறும் அட்டைக்கென ஓர் எம்.2 சொருகுமிடம் அதில் உண்டு. அந்த அட்டை இல்லாத கணினியில் அவ்விடம் காலியாக இருக்கும். அங்கே ஓர் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தலாம். ஆனால் எல்லா எஸ்.எஸ்.டி.யும் பொருந்தாது. 42 மில்லிமீட்டர் நீளமுள்ளதாக இருக்க வேண்டும், அதன் தங்க முனைகளில் இரண்டு வெட்டு இருக்க வேண்டும், ‘என்.வி.எம்.இ.’ வகையாகவும் இருக்க வேண்டும். இது தெரியாமல் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 80 மில்லிமீட்டர் எஸ்.எஸ்.டி.யை வாங்கினால், அது அவ்விடத்தில் படுக்கவே செய்யாது.

இப்போது சொன்ன ‘என்.வி.எம்.இ.’ என்பது என்ன? எஸ்.எஸ்.டி. கணினியோடு பேசும் பாஷை இரண்டு. பழைய பாஷை ‘சாட்டா’. இதில் நொடிக்கு 550 மெகாபைட் அளவுக்குப் படிக்கலாம். புதிய பாஷை ‘என்.வி.எம்.இ.’. இதில் நொடிக்கு 3,000 மெகாபைட்டையும் தாண்டும் வகைகள் உண்டு. ஹார்ட் டிஸ்க்கோ நொடிக்கு 100 மெகாபைட்டைச் சுற்றியே நிற்கும். நமக்கு முக்கியமானது வேகம் அல்ல, பொருத்தம். எம்.2 வடிவில் சாட்டாவும் உண்டு, என்.வி.எம்.இ.யும் உண்டு. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். சில சொருகுமிடங்கள் ஒரு பாஷையை மட்டுமே அறியும். மாற்றிப் போட்டால் கணினிக்கு அது கண்ணிலேயே படாது. ஆகவே கடைக்குப் போகும்போது மூன்று விவரங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். வடிவம் என்ன, நீளம் அல்லது தடிமன் எவ்வளவு, பாஷை எது? அந்தத் தாளைக் கடைக்காரரிடம் காட்டி, “பொருந்தாவிட்டால் மாற்றித் தருவீர்களா?” என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 500 ஜிகாபைட் என்று வாங்கி வந்து போட்டால், கணினியில் 465 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகக் கூடாது. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,024, 1,024 ஆக எண்ணுகிறது. அரிசியைக் கிலோவில் அளப்பதற்கும் படியில் அளப்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றதே இது. அரிசி குறையவில்லை; அளவைதான் வேறு.

ஆனால் உண்மையான ஏமாற்று ஒன்று இருக்கிறது. இணையக் கடைகளில், நம்ப முடியாத அளவு பெரிய கொள்ளளவை நம்ப முடியாத குறைந்த விலைக்குப் போட்டிருப்பார்கள். உள்ளே சிறிய சில்லு ஒன்றை வைத்து, பெரிய எண்ணைக் காட்டும்படி செய்திருப்பார்கள். படங்களைப் போடப் போட ஏற்றுக்கொள்ளும். உண்மையான இடம் முடிந்த பிறகு போடுபவை எல்லாம் தொலைந்துபோகும்; அல்லது பழையவற்றின் மேலேயே எழுதப்படும். திறந்து பார்க்கும் நாளில்தான் தெரியும். பணம் போனதைவிடப் படங்கள் போனதுதான் பெரிய இழப்பு. எனவே பெயர் தெரிந்த நிறுவனத்தின் பொருளை, முகம் தெரிந்த கடையில் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்னும் இலவச நிரல் இருக்கிறது. அது சேமிப்பகம் முழுவதையும் நிரப்பி, மறுபடி படித்துப் பார்த்து, சொன்ன இடம் உண்மையிலேயே இருக்கிறதா என்று கூறிவிடும். நம் பொருள்கள் எதையும் அதில் போடும் முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும்.

இனிப் பொருத்தும் முறைக்கு வருவோம். கணினி உத்தரவாதக் காலத்தில் இருந்தால், மூடியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடுமா என்பதை முதலில் விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு படியாகச் செல்வோம்.

முதலாவது படி, முக்கியமானவற்றை வேறோர் இடத்தில் நகல் எடுத்து வைப்பது. பென் டிரைவாக இருக்கலாம், உறவினரின் கணினியாக இருக்கலாம். இதைச் செய்யாமல் திருப்புளியைக் கையில் எடுக்கக் கூடாது.

இரண்டாவது படி, ‘பிட்லாக்கர்’ பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பது. பல கணினிகளில் நாம் அறியாமலேயே சேமிப்பகம் பூட்டப்பட்டிருக்கும். உள்ளே மாற்றம் நேர்ந்ததாக உணர்ந்தால், கணினி 48 இலக்கம் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அது பெரும்பாலும் கணினியைத் தொடங்கும்போது பயன்படுத்திய மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். அந்த எண்ணை முன்கூட்டியே எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சாவி இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை யாராலும் எடுத்துத் தர முடியாது.

மூன்றாவது படி, கணினியை முழுமையாக அணைப்பது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ‘ஷட் டவுன்’ கொடுத்தால் முழுமையாக அணையும். மூடியை மடக்கி வைப்பது அணைப்பது ஆகாது. பிறகு மின்கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். வெளியே கழற்றக்கூடிய பேட்டரி இருந்தால் அதையும் கழற்ற வேண்டும்.

நான்காவது படி, மூடியைத் திறப்பது. சுத்தமான மேசைமேல் துணி விரித்து, கணினியைக் கவிழ்த்து வையுங்கள். ஆணியின் தலைக்குப் பொருத்தமான சிறிய திருப்புளி வேண்டும். பொருந்தாத திருப்புளியால் திருகினால் ஆணியின் தலை தேய்ந்துபோகும். பிறகு யார் வந்தாலும் கழற்ற முடியாது. ஆணிகள் நீளத்தில் வேறுபடும். ஆகவே ஒரு தாளில் கணினியின் படத்தை வரைந்து, கழற்றிய இடத்திலேயே அந்தந்த ஆணியைக் குத்தி வையுங்கள். மூடியைப் பிரிக்க இரும்பைப் பயன்படுத்தாமல், பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை ஓரத்தில் நுழைத்து மெல்ல நகர்த்துங்கள்.

ஐந்தாவது படி, உள்ளே இருக்கும் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவது. டி480 போன்ற சில கணினிகளில், திறப்பதற்கு முன்பே அமைப்புப் பக்கத்திற்குப் போய் உள்பேட்டரியை முடக்கும் வசதி உண்டு. மற்றவற்றில் இணைப்பைக் கையால் மெல்லக் கழற்ற வேண்டும். பிறகு மின்பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் மிச்சமுள்ள மின்சாரம் வடிந்துவிடும்.

பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருப்பதால் இங்கே ஓர் எச்சரிக்கை. பேட்டரி தலையணை போல உப்பி இருந்தால் அத்தோடு வேலையை நிறுத்திவிடுங்கள். அதை அழுத்தவோ, குத்தவோ, வெயிலில் வைக்கவோ கூடாது. அது தீப்பற்றக் கூடியது. கணினியை மறுபடி மின்சாரத்தில் மாட்டாமல், பழுதுபார்ப்பவரிடம் நேரே கொண்டு செல்ல வேண்டும். தொடுபலகை மேலே தூக்கிக்கொண்டு நின்றாலோ, கணினி மேசையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ, பேட்டரி உப்பியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

ஆறாவது படி, பொருத்துவது. நம் உடலில் தேங்கிய நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கக்கூடும். ஆகவே முதலில் இரும்புப் பொருள் எதையேனும் தொட்டுவிட்டு, எஸ்.எஸ்.டி.யின் ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள். தங்க முனையைத் தொடாதீர்கள். எம்.2 வகையானால், வெட்டும் சொருகுமிடத்தின் மேடும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கும்படி பார்த்து, சற்றே சாய்வாக உள்ளே தள்ள வேண்டும். முழுவதும் நுழைந்ததும், மறுமுனை கொஞ்சம் மேலே தூக்கி நிற்கும். அதைக் கீழே அழுத்திப் பிடித்துச் சின்ன ஆணியால் இறுக்க வேண்டும். அந்த ஆணி எஸ்.எஸ்.டி.யுடன் எப்போதும் வராது. கடையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்த இடத்திலும் பலத்தைப் பயன்படுத்தக் கூடாது. நுழையவில்லை என்றால் பொருந்தவில்லை என்று பொருள். வெளியே எடுத்து மறுபடி பார்க்க வேண்டுமே தவிர, அடித்து ஏற்றக் கூடாது.

ஏழாவது படி, பேட்டரி இணைப்பை மாட்டி, மூடியை மூடி, ஆணிகளை முடுக்கி, கணினியைத் திறப்பது. திறந்ததும் புதிய சேமிப்பகம் உடனே கண்ணில் படாது. பயப்பட வேண்டாம். புதிதாகக் கட்டிய அறைக்கு இன்னும் கதவு வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கதவு வைக்கும் வேலை இப்படி. விண்டோஸ் விசையையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் தோன்றும். அதில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய சேமிப்பகத்தைத் தொடக்கிவைக்கட்டுமா என்று கணினி கேட்கும். ‘ஜி.பி.டி.’ என்பதைத் தேர்ந்து சரி கொடுக்கலாம். பிறகு கருப்புப் பட்டையாக ‘அன்அலொகேட்டட்’ என்று காட்டும் இடத்தில் வலது பொத்தானை அழுத்தி, ‘நியூ சிம்பிள் வால்யூம்’ என்பதைத் தேர்ந்து, கேட்பவற்றுக்கு எல்லாம் ‘நெக்ஸ்ட்’ கொடுத்துக்கொண்டே போனால், டி அல்லது ஈ போன்ற ஓர் எழுத்துடன் புதிய இடம் தயாராகிவிடும்.

இந்த ஒரு கட்டத்தில் மட்டும் மிக நிதானமாக இருக்க வேண்டும். ‘சி’ என்று பெயர் உள்ள பகுதியையோ, அது இருக்கும் வரிசையில் உள்ள சிறு சிறு பகுதிகளையோ தொடவே கூடாது. எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புதியது சுழி எண்ணிலும் இருக்கலாம், ஒன்றாம் எண்ணிலும் இருக்கலாம். கொள்ளளவைப் பார்த்து, எது புதியது என்று உறுதி செய்த பிறகே விசையை அழுத்துங்கள். மற்றொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் மாட்டியது வேறொரு கணினியிலிருந்து எடுத்த, ஏற்கெனவே படங்கள் உள்ள சேமிப்பகமானால், அதைத் தொடக்கிவைக்கவோ ‘ஃபார்மட்’ செய்யவோ கூடாது. செய்தால் உள்ளே இருப்பவை போய்விடும்.

இடம் கிடைத்துவிட்டது. இனி எதை எங்கே வைப்பது? விண்டோஸும் நிரல்களும் ‘சி’யிலேயே இருக்கட்டும். படங்கள், காணொளிகள், பாடக் கோப்புகள் ஆகியவற்றைப் புதிய இடத்திற்கு மாற்றலாம். புதிய இடத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கோப்புறை, குடும்பப் பத்திரங்களுக்கு ஒரு கோப்புறை என்று தனித்தனியாக உண்டாக்கிக்கொண்டால் தேடும் சிரமம் இருக்காது. முதலில் நகல் எடுத்து, அங்கே திறந்து பார்த்து, சரியாக வந்திருக்கிறது என்று தெரிந்த பிறகே பழைய இடத்தில் உள்ளதை அழிக்க வேண்டும்.

எதிர்பார்க்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுவோம். விண்டோஸ் இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க்கில் என்றால், இரண்டாவதாக எஸ்.எஸ்.டி.யை மாட்டியதும் கணினி பறக்க ஆரம்பிக்காது. விண்டோஸை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றினால்தான் வேகம் கூடும். ரேம் குறைவாக இருப்பதற்கும் இது மருந்து அல்ல. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-இல் மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத மிகப் பழைய கணினியில் அதிகப் பணத்தைப் போடும் முன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு இடமே இல்லாத கணினியானால், யூ.எஸ்.பி. வழியாக வெளியே மாட்டும் சேமிப்பகம் ஒன்றை வாங்கிக்கொள்வது எளிது. திருப்புளியே தேவைப்படாது.

நேயர்களே, இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை இறுதியாகச் சொல்ல வேண்டும். இரண்டு சேமிப்பகம் இருப்பதும், இரண்டு நகல் இருப்பதும் ஒன்றல்ல. ஒரே கணினிக்குள் இரண்டு இருந்தாலும், வீட்டில் வெள்ளம் புகுந்தால் இரண்டும் நனையும். திருடன் எடுத்தால் இரண்டும் போகும். மின்னல் தாக்கினால் இரண்டும் கெடக்கூடும். ஆகவே இழக்கக் கூடாதவற்றுக்கு மூன்று நகல் வேண்டும். ஒன்று கணினியில், ஒன்று வெளியே தனியாக வைக்கும் சேமிப்பகத்தில், ஒன்று வேறு வீட்டில் அல்லது இணையச் சேமிப்பில். தனியாக எடுத்து வைக்கும் எஸ்.எஸ்.டி.யை ஆண்டுக்கணக்கில் பெட்டியில் பூட்டி மறந்துவிடவும் கூடாது. மின்சாரமே படாமல் நெடுநாள் இருந்தால் அதில் பதிந்தவை மெல்ல மங்கக்கூடும். சில மாதங்களுக்கு ஒருமுறை மாட்டிப் பார்க்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? நம்மில் பலருடைய குடும்பங்கள் தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு இடம் மாறியிருக்கின்றன. மாறும்போது தொலைந்தவை எத்தனை! கரையான் அரித்த படங்கள், மழையில் நனைந்த பிறப்புப் பத்திரங்கள், எங்கே போயின என்றே தெரியாத சம்பளச் சீட்டுகள். பாட்டனாரின் பெயரை எந்த எழுத்தில் பதிந்திருந்தார்கள் என்று ஓர் அலுவலகத்தில் கேட்டால், காட்டுவதற்குத் தாள் இல்லாமல் நின்றவர்களை நாம் அறிவோம். கணினியில் எடுத்து வைக்கும் நகல் மூலப்பத்திரத்துக்கு ஈடாகாதுதான். ஆனால் மூலம் தொலைந்த நாளில், அதன் எண்ணையும் தேதியையும் எடுத்துச் சொல்ல அந்த நகல் உதவும். நம் வீட்டுக் கதையை நாமே பாதுகாக்காவிட்டால், நமக்காக வேறு யாரும் பாதுகாத்து வைக்கப் போவதில்லை.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த முறை திரையில் சிவப்புக் கோடு தோன்றினால், அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம். அவசரப்பட்டுக் கடன் வாங்கவும் வேண்டாம். மாதிரியின் பெயரை எழுதுங்கள். இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வடிவம், அளவு, பாஷை ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். முதலில் நகல் எடுங்கள், பிறகு திறங்கள். இளையவர்கள் கையேட்டை உரக்கப் படிக்கட்டும். பெரியவர்கள் திருப்புளியைப் பிடிக்கட்டும். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்தால் வேலையும் முடியும், பிள்ளைகளுக்கு ஒரு தொழிலும் பிடிபடும். மனம் துணியாதவர்கள் பட்டணத்துக் கடையில் கொடுத்துச் செய்யலாம். அப்போதும், இன்று எழுதிக்கொண்ட தாள் கையில் இருந்தால் என்ன செய்கிறார்கள் என்று கேட்கவும், சரிபார்க்கவும் நம்மால் முடியும்.

இத்துடன் இன்றைய உரையை நிறைவு செய்கிறோம்.